தயோனைல் குளோரைடு டிரம் லீக்கானா தண்ணி அடிக்கலாமா, கூடாதா?

அடுத்த கேள்வி, மருந்து இடைப்பொருள் தயாரிக்கிற ஒரு யூனிட்ல ஷிஃப்ட் பாக்கிறவர் அனுப்பியிருக்கார். "எங்க ஸ்டோர்ல தயோனைல் குளோரைடு டிரம் எப்பவும் பத்து இருக்கும். தண்ணி அடிக்கக் கூடாதுன்னு போர்டு மாட்டியிருக்கு. ஆனா மாக் டிரில்ல ஹைட்ரன்ட் ஹோஸை இழுக்கிறாங்க. மேல பட்டா ஷவருக்குக் கீழ நில்லுங்கிறாங்க. எது சார் சரி?"

தயோனைல் குளோரைடு, தண்ணி பட்டா சிதைஞ்சு அமில வாயு கிளப்பற ஒரு திரவம். ஆனாலும் மூணுமே சரியா இருக்கலாம். தண்ணி எங்க விழுதுங்கிறதுதான் விஷயம்.

சின்னதா ஒரு கணக்கு. ஒரு கிலோ தயோனைல் குளோரைடு முழுசா சிதையறதுக்கு 150 மில்லி தண்ணி போதும். ஒரு டம்ளர். ஈர மாப்புல அதைவிட அதிகமாவே இருக்கும். அந்த ஒரு கிலோவில இருந்து சுமார் 610 கிராம் ஹைட்ரஜன் குளோரைடும் 540 கிராம் சல்ஃபர் டை ஆக்சைடும் கிளம்பும். ரெண்டும் சேர்ந்து 600 லிட்டர் வாயுவுக்கு மேல. பத்துக்குப் பத்து மீட்டர், நாலு மீட்டர் உயரம் இருக்கிற ஒரு மூடின ஷெட்ல இது பரவினா, ஹைட்ரஜன் குளோரைடு மட்டுமே 1000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காத்துல ஆயிரம் பங்கு) தாண்டும். உடனடியா உயிருக்கு ஆபத்துன்னு வெச்சிருக்கிற அளவு 50 பிபிஎம். இது ஒரு கிலோவுக்கு. உங்க 200 லிட்டர் டிரம்ல சுமார் 300 கிலோ இருக்கும்.

"அப்ப நிறைய தண்ணியா அடிச்சு ஒரேயடியா கரைச்சுடலாமே"ன்னு சிலர் கேப்பாங்க. இதோட அடர்த்தி 1.64. தண்ணிக்கு அடியில போய் உக்காந்துக்கும். ரெண்டும் தொடற இடத்துல வாயு கிளம்பி, திரவத்தையே உங்க மேல தெறிக்க விடும். இதே மாதிரி தண்ணியோட வினைபுரியற பாஸ்பரஸ் ஆக்ஸிகுளோரைடு இன்னும் மோசம். ஒண்ணும் நடக்காத மாதிரி ரெண்டு அடுக்கா நிக்கும், ஆளுங்க கிட்ட போன நேரத்துல பொங்கும்.

சரி, லீக் ஆயிடுச்சு. முதல்ல விண்ட் சாக்கை (காத்து திசை காட்டற துணிக் குழாயை) பாத்து, காத்து உங்க முதுகுல படற பக்கம் வந்துடுங்க. சுத்தி 50 மீட்டராவது காலி பண்ணுங்க. பெரிய கசிவுன்னா காத்து போற திசையில இன்னும் நிறைய. ரெண்டு வாயுவுமே காத்தைவிட கனம், அதனால குழி, பம்ப் பிட், கேபிள் டிரெஞ்ச் பக்கம் யாரும் ஒதுங்கக் கூடாது. 101-க்கோ 112-க்கோ போன் பண்றப்பவே "யுஎன் 1836, தண்ணியோட வினைபுரியும்"னு சொல்லிடுங்க, அந்த நம்பர் தயோனைல் குளோரைடுக்கான சர்வதேச அடையாள எண். வண்டி வர்றப்ப ஒருத்தர் பாதுகாப்புத் தரவுத் தாளோட கேட்ல நிக்கணும், ஹோஸ் மாட்டின பிறகு சொல்றதுல பிரயோஜனம் இல்லை.

உள்ள போறவங்களுக்கு எஸ்சிபிஏ (முதுகுல காத்து சிலிண்டர் மாட்டின சுவாசக் கருவி), வாயு புகாத முழு சூட். கேட்ரிட்ஜ் மாஸ்க் தப்பிச்சு ஓடறதுக்கு மட்டும்தான். மெல்லிசான நைட்ரைல் கையுறையை நம்பாதீங்க. ரெண்டு பேர் உள்ள போனா, அதே உடுப்புல ரெண்டு பேர் வெளிய ரெடியா நிக்கணும். இன்னொண்ணு, "30 நிமிஷம்"னு போட்ட சிலிண்டர் அந்த சூட்டுக்குள்ள வேலை செய்யறவருக்கு 20 நிமிஷம் வந்தாலே பெருசு. காத்து குறையறப்ப அந்தக் கருவி விசில் அடிக்கும், அதுக்கப்புறம் திரும்பலாம்னு இருக்காதீங்க, போற வழிக்கு ஆன காத்து திரும்பி வரவும் வேணும்.

உள்ள போனதும் முதல் வேலை மண்ணு போடறது இல்லை. டிரம்மை உருட்டி ஓட்டை மேல் பக்கம் வர்ற மாதிரி திருப்புங்க. பாதி கசிவு அங்கயே நின்னுடும். அடுத்தது மழைநீர் வடிகால் வாயை அடைக்கிறது. அப்புறம்தான் காஞ்ச மணல், ஓரத்துல இருந்து நடுவுக்கு.

காஞ்ச மணல்னு அழுத்திச் சொல்றேன். போய் உங்க ஃபயர் பக்கெட்டைத் தொட்டுப் பாருங்க. ஐப்பசி, கார்த்திகையில வெளிய தொங்கற மணல் வாளியில விரலை விட்டா ரெண்டு அங்குலத்துக்குக் கீழ சில்லுன்னு இருக்கும். அதை எடுத்துக் கொட்டறதும் தண்ணி ஊத்தறதும் ஒண்ணுதான். மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்ல, கூரைக்குக் கீழ வைங்க. மரத்தூள், காட்டன் வேஸ்ட் வேண்டாம்.

அமிலத்தை முறிக்கிற சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) எவ்வளவுன்னு அடிக்கடி கேக்கறாங்க. கணக்குப்படி ஒரு கிலோவுக்கு 1.8 கிலோ. கலவை சரியா சேராது, அதனால இரண்டு மடங்கு கையிருப்பு வைங்க. ஆனா தேங்கின திரவம் மேல மூட்டை மூட்டையா கவுக்காதீங்க. அமிலமும் சோடாவும் சேர்றப்ப கார்பன் டை ஆக்சைடு மட்டும் இல்லை, தண்ணியும் உண்டாகும். அந்தத் தண்ணி மிச்ச தயோனைல் குளோரைடைப் பிடிச்சுக்கும். ஒரு தடவை ஆரம்பிச்சா தானா ஓடும். முதல்ல மணல்ல ஊற விட்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா தூவுங்க. காஸ்டிக் லை (காஸ்டிக் சோடா கரைசல்) ஊத்தலாமான்னு கேக்கவே கேக்காதீங்க, அதுவும் தண்ணிதான்.

இப்ப அந்த ஹோஸ் விஷயம். புகை போற திசையில, திரவத்துக்கு எட்டத்துல, ஃபாக் நாசில்ல (தண்ணியை மூடுபனி மாதிரி தெளிக்கிற முனையில) திரை மாதிரி அடிக்கலாம். ஹைட்ரஜன் குளோரைடை நல்லா பிடிச்சுக்கும், சல்ஃபர் டை ஆக்சைடை அவ்வளவா பிடிக்காது. அடிச்ச தண்ணி அமிலமா ஓடும், அது திரவத்துப் பக்கம் திரும்பாம பாக்கணும். தரை எந்தப் பக்கம் வாட்டம்னு இன்னைக்கே பாத்து வைங்க. 1980 ஏப்ரல் 3-ந்தேதி அமெரிக்காவில பாஸ்டன் பக்கத்துல சாமர்வில் ரயில் யார்டுல, இதே மாதிரி தண்ணியோட வினைபுரியற பாஸ்பரஸ் டிரைகுளோரைடு வேகன் ஓட்டையானப்ப, தண்ணி அடிச்சுப் புகை பெருத்துடுச்சு. கடைசியில ஏர்போர்ட்ல பனி அள்ளி வீசற மெஷினைக் கொண்டுவந்து சோடா ஆஷை வீசினாங்க.

உடம்புல பட்டா கணக்கே வேற. துணியைக் கழட்டி, ஒட்டியிருக்கிறதைக் காஞ்ச துணியால ஒத்தி எடுத்துட்டு உடனே ஷவர். ஒத்தறதுக்குக் காஞ்ச துணி கையில இல்லைன்னா தேடாதீங்க, நேரா ஷவர். குறைஞ்சது 15 நிமிஷம், சொட்டுச் சொட்டா இல்லை, கொட்டற தண்ணியில. புகையை இழுத்தவர் "நல்லாத்தான் இருக்கேன்"னு சொன்னாலும் ஆஸ்பத்திரியில கண்காணிப்புல வைங்க. நுரையீரல்ல நீர் கோக்கிறது பல மணி நேரம் கழிச்சும் வரும்.

அள்ளின மணலை எச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) டிரம்ல, பிளாஸ்டிக் ஷவலால போடுங்க. இரும்பு டிரம்னா ஈர அமிலம் பட்டு ஹைட்ரஜன் வரும். மூடியை இறுக்கினா மறுநாள் டிரம் உப்பியிருக்கும். வென்ட் இருக்கிற மூடி போட்டு, மழை படாத இடத்துல வைங்க.

தரையைக் கடைசியிலதான் கழுவணும், அதுவும் எட்ட நின்னு, சோடா கரைச்ச தண்ணியில. அப்பவும் எஸ்சிபிஏ கழட்டாதீங்க. பளபளன்னு காஞ்சு தெரியற தரையில, எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் (கான்கிரீட் விரியறதுக்கு விட்ட இடைவெளி) விரிசலுக்குள்ள கொஞ்சம் தேங்கியிருக்கும். முதல் தண்ணி அங்க இறங்கினதும் கோடு போட்ட மாதிரி வெள்ளைப் புகை எழும். அந்தக் கோடு நின்னு, பிஹெச் பேப்பர் ஏழு காட்டற வரைக்கும் மாஸ்க் முகத்துலயே இருக்கட்டும்.