ஓய்வுக்குப் பின் என்ன மருத்துவம்?

அவையோருக்கு வணக்கம். இருசக்கர வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு மூளையதிர்ச்சி (concussion) கண்ட ஒருவரை, ஸ்கேனில் கோளாறு எதுவும் தெரியவில்லை என்று வீட்டுக்கு அனுப்புகிறோம். ஒரு மாதம் கழிந்தும் தலைவலி, கிறுகிறுப்பு, மறதி, வெளிச்சம் பட்டால் கூச்சம் என்று அவர் திரும்பி வரும்போது, இன்னும் கொஞ்சம் ஓய்வெடுங்கள் என்பதே மருத்துவர்களாகிய எங்களின் நெடுநாள் வழக்கமாக இருந்தது. அந்த வழக்கம் தவறு என்று சொல்லவே வந்திருக்கிறேன்.

அமெரிக்காவின் மில்வாக்கியில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், மூளையதிர்ச்சிக்குப்பின் ஐந்து நாள் முழு ஓய்வில் வைக்கப்பட்ட இளையோர், ஓரிரு நாள் ஓய்வுக்குப்பின் படிப்படியாக நடமாடத் தொடங்கியவர்களைவிடக் கூடுதலான தொல்லைகளைக் கூறினர். விளையாட்டில் நேரும் மூளையதிர்ச்சி பற்றி 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய வல்லுநர்களும் முதல் 24 முதல் 48 மணி நேரத்துக்கு மட்டுமே, அதுவும் மிதமான ஓய்வையே பரிந்துரைத்தனர்.

ஓய்வின் இடத்தில் இப்போது அளந்து தரப்படும் உடற்பயிற்சி வந்திருக்கிறது. அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தினர் வகுத்த முறையில், நோயாளியை டிரெட்மில்லில் நடக்கவிட்டு, எந்த இதயத் துடிப்பில் தலைவலியோ மயக்கமோ கூடுகிறது என்று கண்டறிந்து, அந்த எண்ணின் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் தாண்டாமல் நாள்தோறும் 20 நிமிடம் பயிற்சி தருகிறார்கள்; மாத்திரைக்கு அளவு குறிப்பதுபோலவே இதற்கும் அளவு குறிக்கிறார்கள்.

தலைச்சுற்றலுக்குக் காரணம் எப்போதும் மூளையல்ல. உள்காதில் உள்ள நுண்படிகங்கள் இடம் பெயர்ந்திருந்தால், கட்டிலில் படுக்கவைத்துத் தலையை முறைப்படி திருப்பும் எப்ளி பயிற்சி சில நிமிடங்களிலேயே குணம் தருவதுண்டு. கழுத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கனடாவின் கால்கரியில் 2014-இல் வெளியான சிறிய ஆய்வில், விளையாட்டில் மூளையதிர்ச்சி நேர்ந்து தொல்லை நீடித்தவர்களில், கழுத்துக்கும் உடற்சமநிலைக்கும் பிசியோதெரபி பெற்ற 15 பேரில் 11 பேர் எட்டு வாரத்துக்குள் விளையாட்டுக்குத் திரும்பத் தகுதி பெற்றனர். பெறாத 14 பேரில் ஒருவரே தகுதி பெற்றார். உறக்கமின்மைக்கும் அச்சத்துக்கும் மனநல ஆலோசனை உதவும்; அதைக் கேட்டு யாரும் முகம் சுளிக்கத் தேவையில்லை.

தலைவலி மாத்திரையைப் பற்றி ஒரு சொல். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கும் அதிகமாக வலிநிவாரணி விழுங்குகிறவருக்கு, அந்த மாத்திரையே தலைவலியைத் தொடரச் செய்யலாம். மருத்துவர் மேற்பார்வையில் அதை நிறுத்தும்போது முதல் சில நாட்கள் வலி கூடும் என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் மூன்றாம் நாளே மருந்துக்கடை வாசலில் நிற்பார்.