கேள்விக்குறி போட்ட பாட்டுகள்

வணக்கம் நேயர்களே. காமன்கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என்று நம் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஆடும் கூத்துகளின் போது கசெட்டில் பதிந்த பாட்டுகளைப் பலர் இப்போது கணினியில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் திறந்து பார்த்தால் ‘டிராக் 01’, ‘டிராக் 02’ என்றுதான் வரிசையாக நிற்கும். பாடியது யார், எந்தத் தோட்டம், தப்பு மேளம் அடித்தது யார், ஒன்றும் தெரியாது.

இதற்கு எனக்குப் பிடித்த மென்பொருள் ஃபூபார் 2000. விண்டோஸ் கணினியில் பாட்டுக் கேட்க, காசில்லாமல் கிடைப்பது. வினாம்ப் என்ற பழைய பாட்டு மென்பொருளை வெளியிட்ட நல்சாஃப்ட் நிறுவனத்துக்கு முன்பு வேலை செய்து கொடுத்த பீட்டர் பாவ்லோவ்ஸ்கி 2002இல் இதை வெளியிட்டார். முதல் பார்வைக்குச் சப்பென்றுதான் இருக்கும். அதைப் பார்த்து மூடிவிடாதீர்கள். எந்தக் கட்டம் எங்கே இருக்க வேண்டும் என்பதை நீங்களே மாற்றலாம்.

அதைவிடப் பெரிய வசதி, பாட்டு விவரத்தில் நமக்கு வேண்டிய புதுப் புலத்தை, அதாவது ஒரு விவரத்தை எழுதும் இடத்தை, சேர்க்க முடிவது. வழக்கமான மென்பொருளில் பாடகர், ஆல்பம், ஆண்டு இருக்கும். கூத்துக்கு ஏது ஆல்பம்? பாட்டின் மேல் வலது சொடுக்குப் போட்டு, விவரப் பெட்டியில் ‘தோட்டம்’ என்ற புலத்தைச் சேருங்கள். புலத்தின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வைப்பது பாதுகாப்பு. உள்ளே ‘மஸ்கெலியா’ என்று தமிழிலேயே எழுதலாம். அப்புறம் அமைப்புகளுக்குப் போய், பாட்டுப் பட்டியலில் மேலிருந்து கீழாக வரும் புதிய நிரல் ஒன்றைச் சேர்த்து, அந்தப் புலப் பெயரை இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே கொடுங்கள். அவ்வளவுதான், பட்டியலில் தோட்டத்தின் பெயர் வந்துவிடும். எழுதிய விவரம் பாட்டுக் கோப்புக்குள்ளேயே இருக்கும். பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாலும் கூடவே போகும்.

கசெட்டுக்குக் கசெட் சத்தம் ஏறி இறங்குமே, அதற்கும் வழி உண்டு. ரீப்ளே கெயின் என்ற வசதி ஒவ்வொரு பாட்டையும் அளந்து, எவ்வளவு கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும் என்று குறித்து வைத்துக்கொள்ளும். கேட்கும்போது சத்தம் சமமாக வரும், மூலப் பதிவில் கை வைக்காது. பழைய பதிவுகளுக்கு இதுதான் சரி.

பாடியவர் பெயர் தெரியாவிட்டால் ஊகித்து எழுதாதீர்கள், சும்மா விடுங்கள். வெறுமையான புலத்துக்கு ஃபூபார் ஒரு கேள்விக்குறியைக் காட்டும். அந்தப் பாட்டுகளைத் தனியே எடுத்து வைத்து, மாசியில் கூத்துப் பழக்க வரும் மாஸ்டருக்குப் போட்டுக் காட்டிக் கேளுங்கள்.