வுட்சனை மாற்றியது சரிதான், ஒரு வருடம் தாமதம்

வணக்கம் மக்களே. இன்றைக்குக் காரில் உட்கார்ந்தபடியே பேசுகிறேன். வெளியே காற்று பலமாக அடிக்கிறது, சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த 2025 மார்ச்சில் இண்டியானா பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்குப் புதிய தலைமைப் பயிற்சியாளர் வந்துவிட்டார். பெயர் டேரியன் டிவ்ரீஸ். அதுவரை பயிற்சியாளராக இருந்த மைக் வுட்சன் போய்விட்டார். போன வாரம் முழுக்க அலுவலகத்தில் இதே பேச்சுதான். கூட வேலை பார்க்கிற தம்பி ஒருவன் என்னிடம் நேராகவே கேட்டான்: "அண்ணா, போன வருடம் வுட்சன் இருக்கட்டும் என்று வீடியோ போட்டீர்களே, இப்போது என்ன சொல்கிறீர்கள்?" நியாயமான கேள்வி. அதற்குத்தான் இன்றைய வீடியோ.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் இண்டியானா மாநிலத்துக்கு வேலைக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. இங்கே தெருவுக்குத் தெரு, வீட்டு வாசலில், கார் ஷெட் மேலே ஒரு கூடை மாட்டியிருப்பார்கள். ப்ளூமிங்டனில் இருக்கிற, இந்த அணியின் சொந்த அரங்கமான அசெம்பிளி ஹாலில் 17,000 பேருக்கு மேல் உட்காரலாம். அதன் கூரையில் ஐந்து தேசிய சாம்பியன் பேனர்கள் தொங்குகின்றன: 1940, 1953, 1976, 1981, 1987. அதில் 1976 அணி 32 ஆட்டம் ஆடி 32-லும் வென்றது. அதற்குப் பிறகு இன்றுவரை ஆண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் எந்த அணியும் ஒரு தோல்விகூட இல்லாமல் சாம்பியன் ஆனதில்லை. 1987-க்கு அப்புறம் புது பேனர் ஒன்றுகூட வரவில்லை. இந்த ஊர்க்காரர்களின் ஆற்றாமை எங்கிருந்து வருகிறது என்று இதிலேயே புரிந்துவிடும்.

கடைசி மூன்று பேனர்களும் பாப் நைட் காலத்தில் வந்தவை. 29 வருடம் பயிற்சியாளராக இருந்த அவரை 2000 செப்டம்பரில் நடத்தைக் குற்றச்சாட்டுகளுக்காக நீக்கினார்கள். அதற்குப் பிறகு நிலையான பயிற்சியாளர்களாக மைக் டேவிஸ், கெல்வின் சாம்ப்சன், டாம் க்ரீன், ஆர்ச்சி மில்லர், வுட்சன் என்று ஐந்து பேர் வந்து போனார்கள். டிவ்ரீஸ் ஆறாவது ஆள். 2000-லிருந்து இதே காலத்தில், இதே மாநிலத்தில் இருக்கிற பெர்டியூ பல்கலைக்கழகத்தில் இரண்டே பேர். முதலில் ஜீன் கீடி, 2005-லிருந்து அவரிடமே ஆடிய மேட் பெயின்டர்.

இந்தக் கணக்கை வைத்துத்தான் போன வருடம் நான் அந்த வீடியோவில் பேசினேன். சும்மா மாற்றிக்கொண்டே இருந்தால் எதுவும் வேர் பிடிக்காது, பெர்டியூவைப் பாருங்கள் என்றேன். டியூக் பல்கலைக்கழகத்தையும் சொன்னேன். பயிற்சியாளர் மைக் ஷஷெவ்ஸ்கி அங்கே முதல் மூன்று வருடத்தில் 38 வென்று 47 தோற்றார், அவரைத் துரத்தச் சொன்னவர்கள் ஏராளம், ஆனால் நிர்வாகம் பொறுத்தது, பின்னால் ஐந்து தேசியப் பட்டங்கள் வந்தன. இந்த உதாரணங்களில் ஒன்றும் பிழையில்லை. ஆனால் நான் அவற்றிலிருந்து எடுத்த பாடம் தப்பு. அது எனக்கு 2025 ஜனவரி 14ஆம் தேதி ராத்திரி புரிந்தது.

அன்றைக்கு இல்லினாய் அணியுடன் ஆட்டம், நான் மேல் பால்கனியில் இருந்தேன். அதற்கு மூன்று நாள் முன்னால்தான் ஐயோவாவிடம் 85-60 என்று தோற்றிருந்தார்கள். அன்றைக்கு 94-69. அடுத்தடுத்து இரண்டு ஆட்டம், இரண்டிலும் சரியாக 25 புள்ளி வித்தியாசம். பாதி ஆட்டத்துக்குள்ளேயே முடிவு தெரிந்துவிட்டது. அப்போது "ஃபயர் வுட்சன்", அதாவது வுட்சனை வேலையை விட்டுத் தூக்கு என்று கூட்டம் கத்த ஆரம்பித்தது. சொந்த அரங்கம், சொந்த ரசிகர்கள். அந்த மனிதர் இண்டியானாபோலிஸில் பிறந்து வளர்ந்து, நைட்டிடம் நான்கு வருடம் இதே தரையில் ஆடியவர். அவர் தலைக்கு மேலேயே நம் ஆட்கள் அப்படிக் கத்தியதைக் கேட்க எனக்கு நெஞ்சு அடைத்தது. நான் கத்தவில்லை, இனியும் கத்த மாட்டேன். ஆனால் சத்தத்தை ஒதுக்கிவிட்டு ஆட்டத்தை மட்டும் பார்த்தபோது, அதில் மறுக்க முடியாத ஒன்று இருந்தது. நான்கு வருடம் முன்னால் பார்த்த அதே ஆட்டம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அது என்ன ஆட்டம் என்று சொல்கிறேன். கூடைக்குப் பக்கத்தில் உயரமான ஆட்களை நிறுத்தி, பந்தை உள்ளே கொடுத்து, அங்கிருந்தே புள்ளி எடுப்பது. முதல் இரண்டு வருடம் ட்ரேஸ் ஜாக்சன்-டேவிஸ் என்கிற அபாரமான வீரர் உள்ளே இருந்தார், அதனால் அது பலித்தது. மார்ச்சில் 68 அணிகள் ஆடி சாம்பியனை முடிவு செய்கிற தேசியப் போட்டிப் பக்கமே 2016-க்குப் பிறகு போகாத அணியை வுட்சன் 2022-லும் 2023-லும் கூட்டிக்கொண்டு போனார். பெர்டியூவிடம் தொடர்ந்து தோற்றுவந்த கதையையும் 2022 ஜனவரியில் முடித்து வைத்தார். இதையெல்லாம் மறந்துவிட்டு அவரைத் திட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

ஆனால் ஜாக்சன்-டேவிஸ் போன பிறகும் அதே வழிதான். முதலில் கெலெல் வேர், மலிக் ரெனோ. அடுத்த வருடம் ஊமர் பாலோ, மலிக் ரெனோ. இரண்டு பெரிய ஆட்கள் உள்ளே நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். எதிரணியோ ஐந்து பேரையும் பரவ விட்டு, தூரத்துக் கோட்டுக்கு வெளியிலிருந்து மூன்று புள்ளி தருகிற த்ரீ-பாயிண்ட் எறியும். மூன்று மூன்றாக அவர்கள் எடுக்க, நாம் இரண்டிரண்டாக எடுத்துக்கொண்டிருந்தோம். வேர் அந்த வருடமே என்பிஏ என்கிற தொழில்முறை லீக்கின் வீரர் தேர்வில் முதல் சுற்றில் போனார். அப்படி ஒரு வீரர் இருந்தும் 2024-ல் தேசியப் போட்டிக்கு இடம் கிடைக்கவில்லை. அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும்.

இப்போது பெர்டியூவைத் திரும்பப் பாருங்கள். பெயின்டர் 2013-லும் 2014-லும் தேசியப் போட்டியைக் கோட்டை விட்டார், இரண்டு வருடமும் தோல்விதான் அதிகம். அதற்கப்புறம் எப்படிப்பட்ட பையன்களைச் சேர்ப்பது என்கிற யோசனையையே மாற்றினார். 2023-ல் முதல் தர வரிசை அணியாகப் போய், கடைசி வரிசையான 16-ல் இருந்த ஃபேர்லி டிக்கின்சனிடம் முதல் ஆட்டத்திலேயே தோற்றார். நாடே சிரித்தது. அடுத்த வருடம் இறுதி ஆட்டம் வரை போனார். பெர்டியூ பொறுமையாக இருந்தது உண்மை, ஆனால் ஒவ்வொரு அடிக்குப் பிறகும் எதையாவது திருத்திக்கொள்கிற ஒருவர் மேல் வைத்த பொறுமை அது. நான் அந்தப் பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அப்புறம் நம்ம ஊர்ப் பிள்ளை என்கிற பாசம். எனக்கும் அது இருந்தது, ஒளிக்க விரும்பவில்லை. ஆனால் தங்கள் பழைய வீரரையே பயிற்சியாளர் ஆக்கிய மற்ற கல்லூரிகளில் என்ன ஆனது? ஜார்ஜ்டவுனில் பேட்ரிக் யூயிங். அவரைவிடப் பெரிய பெயர் அந்தக் கல்லூரியில் கிடையாது. 2021-22-ல் பிக் ஈஸ்ட் பிரிவு ஆட்டங்களில் அவர் அணி 19-க்கு 19 தோற்றது. லூயிவில்லில் கென்னி பெய்ன், 1986 சாம்பியன் அணியில் இருந்தவர். இரண்டு வருடத்தில் 12 வெற்றி, 52 தோல்வி. மிச்சிகனில் ஜுவான் ஹவர்ட் 2023-24-ல் 8 வென்று 24 தோற்றார். பழைய மாணவர் என்பதால் ஒருவர் தோற்பார் என்று சொல்ல வரவில்லை. பெயின்டரும் பெர்டியூவின் பழைய மாணவர்தான். ஆனால் நம்ம ஆள் என்றால், போகச் சொல்ல வேண்டிய நேரத்தில் யாருக்கும் வாய் வருவதில்லை.

லூயிவில், மிச்சிகன் இரண்டுமே 2024 மார்ச்சிலேயே முடிவெடுத்தன. லூயிவில்லுக்கு பேட் கெல்சி வந்தார், முதல் வருடமே 27 வெற்றி. 2024 நவம்பரில் பஹாமாஸில் நம் அணியை 89-61 என்று அடித்ததும் அந்த லூயிவில்தான். வீரர்கள் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு சுலபமாக மாற வழி செய்கிற டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்த பிறகு நிலைமை இப்படித்தான். ஒரே கோடையில் முழு அணியையும் புதிதாகக் கட்டிவிடலாம். விதைத்துவிட்டு ஐந்து வருடம் காத்திருந்த காலம் போய்விட்டது.

எனக்கு இன்னும் ஆறாமல் இருப்பது மிச்சிகன் விஷயம். அங்கே போனவர் டஸ்டி மே. மாணவராக இருந்தபோது நைட்டின் இண்டியானா அணியில் மேனேஜராக, பந்து எடுத்துப் போட்டு, துண்டு கொடுத்து வேலை பார்த்தவர். 2023-ல் ஃப்ளோரிடா அட்லான்டிக் என்கிற சின்ன அணியைத் தேசியக் கடைசி நான்கு வரை கொண்டுபோனார். 2024-ல் இங்கே பாதிப் பேர் அவரைத்தான் கேட்டார்கள். ஆனால் விளையாட்டுத் துறை இயக்குநர் ஸ்காட் டால்சன் வுட்சனே தொடர்வார் என்று அறிவித்தார். நானும் கை தட்டினேன். மே மிச்சிகன் போய், 8 வெற்றி பெற்றிருந்த அணியை முதல் வருடத்திலேயே 27 வெற்றிக்குக் கொண்டுவந்து, 2025 தேசியப் போட்டியில் கடைசி 16 வரை கூட்டிப்போனார்.

இந்தப் பல்கலைக்கழகம் அவசரப்பட்டதும் உண்டு. டாம் க்ரீன் 2016-ல் இண்டியானா ஆடுகிற பிக் டென் பிரிவின் பட்டம் வாங்கினார், 2017 மார்ச்சில் வெளியே. முதல் வருடம் 6 வென்று 25 தோற்ற அணியை எடுத்து, நாட்டில் முதலிடம் வரை ஏற்றிவிட்டவர் அவர். ஒரு மோசமான வருடத்துக்காக அவரை அனுப்பியது தப்பு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பதிலுக்கு வந்த ஆர்ச்சி மில்லர் நான்கு வருடத்தில் ஒரு தடவைகூடத் தேசியப் போட்டிக்குப் போகவில்லை. ஒப்பந்தம் முடியும் முன்னாலேயே அவரை அனுப்ப 1 கோடி டாலருக்கு மேல் நன்கொடையாளர்கள் பணம் கொடுத்தார்கள்.

2025 பிப்ரவரி 7ஆம் தேதி, சீசன் முடிந்ததும் விலகுகிறேன் என்று வுட்சன் அறிவித்தார். நான்கே நாளில் அணி மிச்சிகன் ஸ்டேட்டை அவர்கள் அரங்கத்திலேயே 71-67 என்று வென்றது. அந்த மாதமே அசெம்பிளி ஹாலில் பெர்டியூவை 73-58. பையன்கள் அவருக்காக ஆடினார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. கடைசி வரை தலை நிமிர்ந்தே நின்றார், அந்த மரியாதை அவருக்கு உரியது.

டிவ்ரீஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ட்ரேக் என்கிற சின்னப் பல்கலைக்கழகத்தில் ஆறு வருடத்தில் 150 வெற்றி. பிறகு வெஸ்ட் வர்ஜீனியாவில் ஒரே வருடம், 19 வெற்றி, 13 தோல்வி. நாமும் அதே 19-13, இரண்டு அணிகளுக்குமே தேசியப் போட்டியின் 68 அணிப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை. பெரிய பெயர் வரவில்லையே என்று சிலருக்குக் குறை. எனக்கு அந்தக் குறை இல்லை. அவர் அணிகள் பரந்து நின்று வெளியிலிருந்து எறியும். நமக்குத் தேவையும் அதுதான். முதல் வருடம் தோற்றாலும் பரவாயில்லை, இரண்டாவது வருடம் வேறு மாதிரி ஆடுகிறார்களா என்று பார்ப்பேன். அதுவரை அவரைப் பற்றி ஒரு வார்த்தை கடுமையாகப் பேச மாட்டேன் என்று உங்கள் முன்னால் சொல்லிவைக்கிறேன்.

சரி, 2025 மார்ச் 28 வெள்ளிக்கிழமை ராத்திரி இண்டியானாபோலிஸில் தேசியப் போட்டி ஆட்டம் இருக்கிறது. பெர்டியூவும் ஹூஸ்டனும். ஒரு பக்கம் பெயின்டர். ஹூஸ்டன் பக்கம் கெல்வின் சாம்ப்சன், வீரர்களைச் சேர்க்கும்போது விதி மீறிப் போன் செய்த விவகாரத்தில் 2008-ல் இண்டியானாவை விட்டுப் போன அதே சாம்ப்சன். ப்ளூமிங்டனிலிருந்து ஒரு மணி நேரத் தூரம்தான். டிக்கெட் கிடைத்தால் நானும் போவேன். பல வருடமாக வைத்திருக்கிற என் சிவப்பு இண்டியானா சட்டையைப் போட்டுக்கொண்டுதான் போவேன்.