எதிர்மலையில் ஒரு விளக்கு நகர்கிறது

(காட்சி: இரவு. இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்று. எதிர்மலையில் லயத்து விளக்குகள், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின் வெளிச்சம்.)

குரல்: எதிர்மலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருங்கள். வரிசையாக எரியும் வெளிச்சங்களில் ஒன்று மட்டும் மெல்ல மேலே ஏறுகிறது, இல்லையா? அது லயத்து விளக்கு இல்லை. யாரோ டோர்ச் அடித்துக்கொண்டு வீடு திரும்புகிறார். பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரி வெளிச்சம்தான். நகர்ந்ததால் இது பிடிபட்டது.

சூரியனைச் சுற்றிவரும், கோள்களைவிட மிகச் சிறிய பொருள்களான சிறுகோள்களும் இப்படித்தான் பிடிபட்டன. தொலைநோக்கியில் அவை விண்மீன் போலவே ஒரு புள்ளி. அக்காலத்து வானியலாளர்கள் வானத்தின் ஒரு துண்டை வரைபடத்தில் குறித்துவைத்து, அடுத்தடுத்த இரவுகளில் ஒப்பிட்டார்கள். இடம் மாறிய புள்ளிதான் ஆள்.

(காட்சி: பழைய சென்னையின் கோட்டோவியம்.)

1861 ஏப்ரல் 17. சித்திரை பிறந்து சில நாட்கள். சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில் நோர்மன் பொக்சன் என்ற ஆங்கிலேயர் அப்படியொரு புள்ளியைக் கண்டார். அரசாங்க வானியலாளராக அவர் அங்கே வந்ததே அந்த ஆண்டுதான். ஆசியாக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அது. வரிசையில் 67ஆவது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அதே காலத்தில், அதே மதராஸ் மாகாணத்திலிருந்து நம்மவர்கள், மலையகத் தமிழரின் முன்னோர், தோட்ட வேலைக்காகப் படகேறி, இலங்கையின் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். அது கோப்பிக்காலம். கண்டிப் பக்கத்து லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைத் தோட்டம் போட்டது பிறகுதான், 1867இல். வழியில் படுத்தவர்களின் தலைக்கு மேலும் அந்தப் புள்ளி போய்க்கொண்டுதான் இருந்தது. வெறுங்கண்ணுக்குத் தெரிகிற பொருள் இல்லை என்பதால், அண்ணாந்து பார்த்திருந்தாலும் பயனில்லை.

பொக்சன் வைத்த பெயர் ‘ஆசியா’. கிரேக்கப் புராணத்தில் அந்தப் பெயரில் ஒரு தெய்வப் பெண் உண்டு. சிறுகோள்களுக்குத் தெய்வப் பெண்களின் பெயரைச் சூட்டுவது அன்றைய வழக்கம். கண்டத்தின் பெயரும் ஆயிற்று, வழக்கமும் கெடவில்லை. கெட்டிக்காரத்தனம்தான்.

இன்றைய நடைமுறை வேறு. செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலையாட்கள் பதிவேட்டில், பெயர் ஏறுவதற்கு முன் ஆள் ஒழுங்காக வேலைக்கு வருகிறாரா என்று பார்ப்பதுபோல, முதலில் தற்காலிகக் குறியீடு மட்டும்தான். சுற்றுப்பாதை உறுதியான பிறகே நிரந்தர எண் கிடைக்கும். அதன் பின்னரே கண்டுபிடித்தவர் பெயரை முன்மொழியலாம். 1988 பெப்ரவரியில் தமிழ்நாட்டு ஜவ்வாது மலையிலுள்ள காவலூரிலிருந்து ராஜமோகன் கண்டுபிடித்த சிறுகோள் அப்படித்தான் 4130 என்ற எண்ணையும் ராமானுஜன் என்ற பெயரையும் பெற்றது.

(காட்சி: சூரியன், பூமி, செவ்வாய், வியாழன். நடுவே ஆசியாவின் பாதை.)

ஆசியா ஓடுவது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட பட்டையில். சூரியனிலிருந்து சராசரியாக 36 கோடி கிலோமீட்டர். பாதை சரியான வட்டம் இல்லை; கிட்ட வரும்போது ஏறக்குறைய 29 கோடி, எட்டப் போகும்போது 43 கோடி. ஒரு சுற்றுக்கு 3 ஆண்டு 9 மாதம். விட்டம் சுமார் 60 கிலோமீட்டர்: கண்டியிலிருந்து பண்டாரவளைக்கு நேர்கோடு போட்டால் ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஒரு வேடிக்கை. சில வாரங்கள் ஆசியா பின்னோக்கிப் போவதுபோலத் தெரியும். ஹட்டன் வீதியில் கொழுந்து லொறியை நம் பஸ் முந்தும்போது, லொறி பின்னால் நழுவுவதுபோல இருக்குமே, அதேதான். பூமியின் வேகம் விநாடிக்கு 30 கிலோமீட்டர், ஆசியாவுக்குச் சராசரி 19. நாம் உள்வட்டத்தில் அதை முந்துகிறோம். ஏறக்குறைய 16 மாதங்களுக்கு ஒருமுறை இந்த முந்தல் நடக்கும். அப்போதுதான் அது நமக்குக் கிட்டத்தில், சூரியனுக்கு நேரெதிரே, இரவு முழுவதும் வானில் இருக்கும்.

(காட்சி: மீண்டும் மலை. பனிமூட்டம் ஏறுகிறது.)

பார்க்க ஆசையா? இந்த முந்தல் நடக்கும் நாட்களில், சிறிய தொலைநோக்கி ஒன்றும், அந்த வாரத்து வான வரைபடமும் வேண்டும். கண்ட புள்ளிகளைத் தாளில் குறித்துவைத்துவிட்டு மறுநாள் திரும்பப் பாருங்கள். ஒரு நாளில் அது முழுநிலவின் அகலத்தில் பாதியளவு நகர்ந்திருக்கும். நம் ஊரில் மறுநாள் பனி மூடிவிடும், அது தெரிந்த கதை. பரவாயில்லை, மூன்றாம் இரவு பாருங்கள். அதற்குள் அதிக தூரம் போயிருக்காது.