ஜூன் 5 வேண்டாம், ஐப்பசி வரட்டும்

(கடலூர் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில், பசுமைப் படை தொடக்க விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் ஐயா அவர்களே, ஒலிபெருக்கியும் நாற்காலியும் காசு வாங்காமல் தந்திருக்கும் ஊர்ப் பெரியவர் அவர்களே, என்னை இங்கே அழைத்து வந்த அறிவியல் ஆசிரியர் தம்பி அவர்களே, எல்லோருக்கும் வணக்கம். சத்துணவுக் கூடத்தில் வேலையை முடித்துவிட்டுக் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும் அக்கா இரண்டு பேருக்கும் தனியாக ஒரு வணக்கம். பொன்னாடை போர்த்தினீர்கள், ரொம்ப நன்றி. அடுத்த முறை யாராவது விருந்தினர் வந்தால் கையில் ஒரு பனங்கொட்டை கொடுங்கள், அது போதும்.

தண்ணீர், குப்பை, மரம். இந்த மூன்றையும் பற்றிப் பேசுவதாகச் சொல்லித்தான் வந்தேன்.

முதலில் தண்ணீர். விழா தொடங்கும் முன் கட்டடத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். மொட்டை மாடியிலிருந்து குழாய் ஒழுங்காக இறங்குகிறது. மழைநீர்த் தொட்டி மட்டும் மண் மூடி, மேலே அருகம்புல் முளைத்துக் கிடக்கிறது. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கியது 2003இல். தொட்டி எல்லா இடத்திலும் கட்டினோம், தூர் வார மறந்துவிட்டோம். பிள்ளைகளே, ஒரு கணக்கு போடுங்கள். ஒரு சதுர மீட்டர் தளத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அப்படி ஒரு மழை 200 சதுர மீட்டர் மாடியில் விழுந்தால் 96,000 லிட்டர். அவ்வளவும் சாக்கடையில் போகிறது, நாம் ஏப்ரலில் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம். இந்த வாரமே நான்கு பேர் மண்வெட்டி எடுத்தால் அரை நாள் வேலை. சரி, தண்ணீர் அவ்வளவுதான், எனக்கு மரத்துக்குப் போக வேண்டும்.

நம் ஊர்களுக்கே மரத்தின் பெயர்தான். பாதிரி மரத்தால் திருப்பாதிரிப்புலியூர். தில்லை மரத்தால் தில்லை, அதுதான் சிதம்பரம். பாதிரிப் பூவைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்றேன், இத்தனை பேரில் மூன்று கைதான் எழுந்தது.

நாம் என்ன செய்கிறோம்? ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள். கத்திரி முடிந்த சூட்டோடு சூடாக ஒரு குழி, ஒரு கன்று, பத்துப் பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டு ஒரு படம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் பெருமழை வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில்தான். ஜூனில் வைத்த கன்றுக்கு அதுவரை யார் தண்ணீர் ஊற்றுவது? கோடை விடுமுறை முடிந்து பிள்ளைகள் வந்தும் வராத நேரம். அடுத்த ஜூனில் அதே குழியில் இன்னொரு கன்று. இதை நான் பல வருடமாகப் பார்க்கிறேன், மனசு வலிக்கிறது. நட வேண்டியது மழைக்கு முன்னால். அதிலும் தண்ணீர் ஊற்றாமலே வரும் மரம் ஒன்று இருக்கிறது. நம் மாநில மரம், பனை.

எங்கள் ஆத்தா அடிக்கடி சொல்லும்: "தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பாத்துட்டுச் சாவான்." பனை காய்ப்புக்கு வரப் பதினைந்து வருடம்கூட ஆகும் என்பதால் சொன்ன பேச்சு. பெரியவர்கள் இதைக் கேட்டுவிட்டுப் பனை வைக்காமல் விட்டுவிட்டார்கள். எனக்கு அது பிள்ளைகளுக்கென்றே சொன்ன பழமொழியாகப் படுகிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளை இன்று வைத்தால் முப்பது வயதுக்குள் நுங்கு தின்னும்.

ஒரு கதை சொல்கிறேன். குறிஞ்சிப்பாடி பக்கம் ஒரு பள்ளி, பேர் வேண்டாம். பிள்ளைகளோடு போய் ஏரிக்கரையில் 200 விதை போட்டோம். ஓர் அடிக் குழி, பத்தடி இடைவெளி, எல்லாம் அளந்து அளந்து. பொங்கல் கழிந்து ஆசையாகப் போய்ப் பார்க்கிறேன், முதல் பத்துக் குழியும் தோண்டிக் கிடக்கிறது. எனக்கு வந்த கோபம்! அந்தத் தலைமையாசிரியர் மொத்தப் பிள்ளைகளையும் வெயிலில் வரிசையாக நிறுத்திவிட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஏழாம் வகுப்புப் பெண் ஒன்று, எண்ணெய் வைத்து இரட்டைச் சடை போட்ட பிள்ளை, முன்னால் வந்து நின்றது. "சார், நான்தான் தோண்டினேன். எங்க பாட்டிக்குப் பனங்கிழங்குன்னா உசுரு. கடையில வாங்கக் காசு இல்ல. அவிச்சு, நாரை உரிச்சு, இடிச்சுக் குடுத்தேன், அவங்களுக்குப் பல்லு இல்ல." இதற்கு மேல் யார் என்ன பேச முடியும்? தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் அந்தப் பிள்ளையிடம், பாட்டியைக் கேட்டேன் என்று சொல் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த வருடம் ஆவணி மாதம். ஒரு காலை அந்தத் தலைமையாசிரியர் போன் செய்கிறார், "உடனே வாங்க." போனால், பள்ளி வாசலில் அந்தப் பாட்டி, பக்கத்தில் ஒரு சாக்கு நிறையப் பனங்கொட்டை, பேத்தி பொறுக்கிச் சேர்த்தது. "பத்து எடுத்தோம், நூறா வச்சுக்குங்க" என்றது. அதோடு விட்டதா? குருத்தோலையைக் கிழித்து, தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, ஒரு பெட்டி முடைந்து காட்டியது. அந்தக் கை போகிற வேகத்தைப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். இன்றைக்கு அந்தப் பள்ளியில் வகுப்புக்கு வகுப்பு குப்பைக்கூடை ஓலையில்தான், பிளாஸ்டிக் வாளி கிடையாது.

குப்பையைப் பற்றியும் பேசுவதாகச் சொன்னேன். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது, ஆனால் செய்முறைப் பாடம் என்று வாரா வாரம் தெர்மாகோல் வாங்கி வரச் சொல்கிறோம். ஆசிரியர்கள் தயவுசெய்து யோசியுங்கள். மற்றதை இன்னொரு நாள் பேசலாம்.

தானே புயல் 2011 டிசம்பர் 30 விடியலில் கரை கடந்ததே, அதற்கு மறுநாள் நான் பண்ருட்டி பக்கம் போனேன். முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. சாலை முழுக்கப் பலாவின் பால் வாடை. நான் போன வழியில் வயல் வரப்பில் நின்ற பனைகள் மட்டை இழந்து மொட்டையாக, ஆனால் நின்றுகொண்டிருந்தன. பனைக்கு ஆணிவேர் கிடையாது, கயிறு கயிறாக நூற்றுக்கணக்கான வேர், மண்ணைக் கொத்தாகப் பிடித்துக்கொள்ளும். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் பாய்ந்து வந்தபோது நம் ஊர்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். கரையில் பனை வரிசையாக இருந்தால் கரைக்கு அந்த அளவுக்காவது பிடிப்பு உண்டு. பனை வச்சவன் பாத்துட்டுச் சாவான் என்கிறோம், அவன் பார்த்துவிட்டுப் போனதால்தான் நமக்குப் பல ஏரிக்கரை மிச்சம்.

சில பெற்றோர் கேட்பார்கள், பள்ளியில் பனை வைத்தால் மட்டை தலையில் விழாதா என்று. நியாயமான கேள்வி. விளையாட்டுத் திடல் பக்கம் வேண்டாம். பின்பக்கச் சுற்றுச்சுவர் ஓரம், அப்புறம் அதைத் தாண்டி வாய்க்கால் கரை, இரண்டும் நடந்து பார்த்துவிட்டேன், அறுபது விதைக்கு இடம் இருக்கிறது.

வரும் சனிக்கிழமை காலை ஏழு மணி. விதை இரண்டு மூட்டை என் வண்டியிலேயே இருக்கிறது, போகும்போது இறக்கி வைத்துவிட்டுப் போகிறேன், நிழலில் வையுங்கள். கடப்பாரை மூன்றுதான் இருக்கிறது, வீட்டில் இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொரு குழிக்கும் ஒரு பேர் எழுதிய குச்சி தயார் செய்யுங்கள். சமையலர் அக்கா, அன்றைக்கு எல்லோருக்கும் கொஞ்சம் சுக்குக் காப்பி மட்டும், கருப்பட்டி நான் வாங்கி வருகிறேன். வணக்கம்.