ஓஸ்லோ: எல்லை எழுதாத ஒப்பந்தம்

நடுவர் அவர்களுக்கும், எதிரணித் தலைவர் அம்மா அவர்களுக்கும், இந்த நேரத்திலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இஸ்ரேலியரும் பாலஸ்தீனரும் நார்வே தலைநகர் ஓஸ்லோவில் பேசி, 1993-ல் செய்துகொண்ட ஓஸ்லோ சமாதானம் தோற்றதற்குப் பெரிய காரணம் எது? அதைக் கெடுத்த வன்முறையாளர்களா, அது எழுதப்பட்ட விதமா? இதுதான் தலைப்பு. எழுதப்பட்ட விதமே என்பது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் அம்மா நன்றாகவே பேசினார். 1994 பிப்ரவரியில் ஹெப்ரோன் இப்ராஹிமி மசூதியில், ரமலான் மாதத்து அதிகாலைத் தொழுகையில் இருந்த 29 பேரை இஸ்ரேல் பிடித்த பாலஸ்தீன நிலத்தில் குடியேறிய யூதர்களில் ஒருவரான கோல்ட்ஸ்டைன் சுட்டுக் கொன்றதைச் சொன்னார். நாற்பது நாள் கழித்து இஸ்ரேலின் அஃபுலா ஊரில் ஹமாஸ் என்ற பாலஸ்தீன ஆயுத இயக்கம் வைத்த கார் குண்டைச் சொன்னார். 1995 நவம்பர் 4 இரவு, டெல் அவிவில் சமாதானக் கூட்டம் முடிந்து காருக்கு நடந்த இஸ்ரேல் பிரதமர் ராபினை யூதத் தீவிரவாதி யிகால் அமீர் சுட்டுக் கொன்றதைச் சொன்னார். 1996-ல் ஜெருசலேம் பேருந்துகள் வெடித்ததைச் சொன்னார். ஒன்றையும் நான் மறுக்கவில்லை. இதில் ஒரு சாவைக்கூடச் சின்னதாக்கிப் பேச நான் இங்கே நிற்கவில்லை.

ஆனால் அம்மா, சமாதானத்துக்கு எதிரி இல்லாத ஊர் எது? எதிரி இருப்பான் என்று தெரிந்துதானே ஒப்பந்தம் எழுதுகிறோம்? அவன் அடிக்கிற அடியைத் தாங்குகிற மாதிரி எழுதினார்களா என்பதுதான் கேள்வி.

வேறு கண்டத்துக்கெல்லாம் போகாமல், அதே இஸ்ரேலை வைத்தே இதைச் சொல்கிறேன். 1978 செப்டம்பர் 17. அமெரிக்காவின் கேம்ப் டேவிட் பேச்சு முடிந்து எகிப்து அதிபர் சதாத்தும் இஸ்ரேல் பிரதமர் பெகினும் ஒரே நாளில் இரண்டு ஆவணங்களில் கையெழுத்துப் போட்டார்கள். முதலாவது, எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் சமாதானம், 1967 போரில் இஸ்ரேல் பிடித்த சினாய் தீபகற்பம் முழுவதும் திரும்ப எகிப்துக்கு. இரண்டாவது, அதே போரில் பிடித்த பாலஸ்தீனப் பகுதிகளான மேற்குக் கரைக்கும் காசாவுக்கும் ஐந்து ஆண்டு தன்னாட்சி, மீதியைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

முதல் ஆவணத்திலிருந்து 1979-ல் முறையான உடன்படிக்கை வந்தது. எல்லை எது என்று அதில் இருந்தது, எந்தக் கட்டத்தில் எதுவரை படை விலகும் என்று இருந்தது, தகராறு வந்தால் மத்தியஸ்தத்துக்குப் போகலாம் என்றும் இருந்தது. அப்புறம் என்ன நடந்தது? 1981 அக்டோபர் 6, கெய்ரோவில் ராணுவ அணிவகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த சதாத்தைச் சொந்த நாட்டுச் சிப்பாய்களே சுட்டுக் கொன்றார்கள். எதிரணியின் கணக்குப்படி அன்றோடு சமாதானம் செத்திருக்க வேண்டும். சாகவில்லை. ஆறரை மாதத்தில், 1982 ஏப்ரல் 25 அன்று சினாய் எகிப்தின் கைக்கு வந்தது. தனிக்கதையாக ஓடிக்கொண்டிருந்த தாபா கடற்கரைத் துண்டு ஒன்று மட்டும் பாக்கி. அதுவும் மத்தியஸ்தத் தீர்ப்புப்படி 1989-ல் திரும்பியது.

இதை லேசாகச் செய்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். சினாயில் யாமித் என்றொரு இஸ்ரேலியக் குடியேற்ற ஊர் இருந்தது. போக மாட்டோம் என்று ஆட்கள் மொட்டை மாடியில் ஏறி நின்றார்கள். இஸ்ரேல் ராணுவமே ஏணி போட்டு ஏறி, கைகால்களைப் பிடித்து அவர்களைக் கீழே இறக்கியது. பிறகு ஊரையே புல்டோசர் வைத்துத் தரைமட்டமாக்கியது. அப்போது பிரதமர் பெகின், பாதுகாப்பு அமைச்சர் ஷரோன். குடியேற்றங்களுக்குப் பெரிய பாதுகாவலர்கள் என்று பெயர் எடுத்தவர்கள் இரண்டு பேரும்! மனசு மாறியா செய்தார்கள்? காகிதத்தில் தேதி இருந்தது, செய்தார்கள்.

சரி, இரண்டாவது ஆவணம், அந்தத் தன்னாட்சி என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. யாரும் குண்டு போட்டுக் கெடுக்கவில்லை. பாலஸ்தீனர்களைக் கேட்காமலே எழுதிய அந்தத் திட்டம், பேசிப் பேசியே நீர்த்துப் போனது. ஒரே நாள், ஒரே கைகள், இரண்டு காகிதம். ஒன்று பிழைத்தது, இன்னொன்று எழுந்திருக்கவே இல்லை.

பதினைந்து வருடம் கழித்து ஓஸ்லோவில் உட்கார்ந்தவர்கள் இந்த இரண்டில் எதை முன்மாதிரியாக எடுத்தார்கள் தெரியுமா? எழுந்திருக்காத அந்த இரண்டாவதை! அதே ஐந்து ஆண்டு, அதே 'மீதி பிறகு'.

1993 செப்டம்பர் 13-ல் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் ராபினும் பாலஸ்தீன விடுதலை இயக்கத் தலைவர் அரஃபாத்தும் கை குலுக்க, அமெரிக்க அதிபர் கிளிண்டன் நடுவில் கைகளை விரித்து நின்ற படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அன்று கையெழுத்தான வாசகத்தை எத்தனை பேர் பார்த்தோம்? ஜெருசலேம் யாருக்கு? பிறகு. 1948 முதல் ஊரை இழந்து நிற்கும் அகதிகள்? பிறகு. குடியேற்றங்கள்? பிறகு. எல்லை? பிறகு. சண்டை எதற்காக நடந்ததோ அது அத்தனைக்கும் வாய்தா. 'பாலஸ்தீன நாடு' என்ற சொல் மருந்துக்கும் இல்லை.

அதற்கு நான்கு நாள் முன்னால் பரிமாறிய கடிதங்களையும் பாருங்கள். இஸ்ரேல் அமைதியோடும் பாதுகாப்போடும் இருக்க உரிமை உண்டு என்று அரஃபாத் எழுதினார். ராபின் பதிலுக்கு, பாலஸ்தீன விடுதலை இயக்கம் பாலஸ்தீன மக்களின் பிரதிநிதி என்று ஏற்றார். ஒருவர் நாட்டை ஏற்றார், இன்னொருவர் ஓர் அமைப்பை ஏற்றார். இது சமமா இல்லையா என்பதை நடுவர் பார்த்துக்கொள்ளட்டும். பாலஸ்தீனர் தரப்பிலேயே இதைப் பார்த்துக் கொதித்தவர்கள் உண்டு. கவிஞர் மஹ்மூத் தர்வீஷ் அந்த இயக்கத்தின் செயற்குழுவிலிருந்தே விலகினார். வாஷிங்டன் பேச்சில் பாலஸ்தீனக் குழுவுக்குத் தலைமை தாங்கிய காசா மருத்துவர் ஹைதர் அப்துல் ஷாஃபி, குடியேற்றங்களை நிறுத்தாமல் கையெழுத்து எதற்கு என்று கேட்டார். இவர்கள் யாரும் குண்டு வைத்தவர்கள் இல்லை. வாசகத்தைப் படித்தவர்கள்.

படிக்காமலே மேடை ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு காட்சி. 1994 மே 4, கெய்ரோ. காசாவிலும் மேற்குக் கரை ஊரான ஜெரிக்கோவிலும் இஸ்ரேல் படை விலகும் உடன்பாடு கையெழுத்தாகிறது. மேடையில் ராபின், இஸ்ரேல் வெளியுறவு அமைச்சர் பெரஸ், எகிப்து அதிபர் முபாரக், அமெரிக்க, ரஷ்ய வெளியுறவு அமைச்சர்கள். நேரடி ஒளிபரப்பு. அரஃபாத் தாள்களில் கையெழுத்துப் போடுகிறார், ஆனால் வரைபடங்களில் போடவில்லை. ராபின் புரட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுகிறார். மேடையிலேயே சலசலப்பு. முபாரக் முகம் சிவக்கிறது. எல்லோரும் உள்ளே போய்ப் பேசித் திரும்பிய பிறகுதான் கையெழுத்து விழுந்தது. தகராறு எதில்? ஜெரிக்கோ என்றால் எவ்வளவு இடம் என்பதில்! விழா மேடை வரைக்கும் அது முடிவாகவில்லை.

அடுத்தது 1995 செப்டம்பரில் வந்த இரண்டாம் ஓஸ்லோ. மேற்குக் கரையை அ, ஆ, இ என்பது போல மூன்று வகையாகக் கூறு போட்டார்கள். முதல் வகையில் பாலஸ்தீன நிர்வாகமும் போலீசும். இரண்டாவதில் நிர்வாகம் அவர்கள், பாதுகாப்பு இஸ்ரேல். மூன்றாவது முழுக்க இஸ்ரேல் ராணுவத்தின் கையில். இஸ்ரேல் படை ஆறு மாதத்துக்கு ஒரு கட்டம் என்று மூன்று கட்டமாக மேலும் விலகும் என்று எழுதினார்கள். எவ்வளவு நிலத்திலிருந்து? அதை எழுதவில்லை! பாலஸ்தீனர்கள் பெரும்பகுதி வரும் என்று நம்பினார்கள், அளவை நாங்கள்தான் முடிவு செய்வோம் என்றது இஸ்ரேல். வாசகத்தை வைத்துப் பார்த்தால் இரண்டு பேர் சொன்னதும் சரி. மூன்றாவது கட்டம் வரவே இல்லை. 2000-ல் நின்ற கணக்கு 18, 22, 60 சதவீதம். அந்த 60 ராணுவத்தின் கையில் இருக்கும் பகுதி. வீடு ஒரு வகையில், அதே குடும்பத்தின் ஒலிவத் தோட்டம் இன்னொரு வகையில் என்று ஆன கிராமங்கள் எத்தனையோ.

குடியேற்றங்களை விரிவாக்கக் கூடாது என்று ஒரு நேரடி வரி உண்டா? அதுவும் இல்லை. நிலத்தின் 'நிலையை' மாற்றும் நடவடிக்கையை யாரும் எடுக்கக் கூடாது என்று பொதுவாக ஒரு வரி, அவ்வளவுதான். கழுவுற மீனில் நழுவுற மீன். 1993-ல், கிழக்கு ஜெருசலேமைச் சேர்க்காமல், மேற்குக் கரையில் ஒரு லட்சத்துச் சொச்சமாக இருந்த குடியேறிகள் 2000-ல் இரண்டு லட்சத்தை நெருங்கினார்கள். இதற்குத் துப்பாக்கி தேவைப்படவில்லை, சிமென்ட் லாரி போதுமாக இருந்தது. சமாதானம் நடக்கிற ஆண்டுகளில் ஜன்னலைத் திறந்தால் எதிர் மலையில் புதிதாக ஓட்டுக் கூரைகள். அதைத் தினம் பார்ப்பவனிடம் பொறுமையாக இரு என்று அரஃபாத் எந்த முகத்தோடு சொல்வார்?

இஸ்ரேலியருக்கும் இதே வாசகம்தான் வினையானது. ஓஸ்லோவின் முடிவில் என்ன கிடைக்கும் என்று ராபினால் தன் மக்களுக்குக் காட்ட முடியவில்லை. தன் இயக்கத்தின் சாசனத்தில் இஸ்ரேலை அழிக்கச் சொல்லும் பிரிவுகளை நீக்குவதாக அரஃபாத் 1993-ல் வாக்குக் கொடுத்தார். எப்போது, எப்படி என்று இல்லை. 1996-ல் ஒருமுறை வாக்கெடுத்தார்கள், போதாது என்றது இஸ்ரேல். 1998-ல் காசாவில் கிளிண்டன் முன்னால் மறுபடி கை தூக்கினார்கள். ஒரே வாக்குறுதியை இரண்டு தடவை நிறைவேற்றியும் சந்தேகம் தீரவில்லை.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். 1994 பாரிஸ் ஒப்பந்தப்படி பாலஸ்தீனத்துக்கு வரும் சரக்குக்கு இஸ்ரேல் துறைமுகத்திலேயே இஸ்ரேல் வரி வசூலிக்கும். 3 சதவீதம் கட்டணம் பிடித்துக்கொண்டு மாதாமாதம் மீதியைத் தரும். கோபம் வந்தால்? 1997-ல் நிறுத்தி வைத்தார்கள், 2000-க்குப் பிறகும், 2006-லும் நிறுத்தி வைத்தார்கள். ஆசிரியருக்கும் நர்ஸுக்கும் சம்பளம் கிடையாது. குண்டு வைத்தவன் ஒருவன், சம்பளம் போனது இன்னொருவனுக்கு.

நடுவர் அவர்களே, இது உங்களுக்காகவே எடுத்து வைத்தது. ஓஸ்லோவில் தகராறு வந்தால் யாரிடம் போவது? முதலில் கூட்டுக் குழுவில் பேசணும். அப்புறம் சமரசம். மூன்றாவது மத்தியஸ்தம், ஆனால் இரண்டு தரப்பும் சம்மதித்தால் மட்டும்! நீங்கள் இன்று தீர்ப்புச் சொல்ல எங்கள் இரண்டு அணியும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று வைத்தால் இந்த மன்றம் விடியுமா?

எல்லாவற்றையும் ஒரே நாளில் எழுத முடியாது, அதனால்தான் படிப்படியாகப் போனார்கள் என்று எதிரணி சொல்லும். நியாயமான பேச்சுதான். 1993-ல் ஜெருசலேமை முடிவு செய்ய யாராலும் ஆகியிருக்காது. நான் ஜெருசலேமைக் கேட்கவே இல்லை. புதிதாகக் கட்டாதே என்று ஒரு வரி, இத்தனை சதவீதம் விலகு என்று ஒரு எண், இவரிடம் போய் முறையிடு என்று ஒரு பெயர். இந்த மூன்றும் எந்தப் படியில் இருந்தன?

ஓஸ்லோ சொன்ன ஐந்து ஆண்டு, 1994 கெய்ரோ உடன்பாட்டு நாளிலிருந்து எண்ணினால், முடிந்த நாள் 1999 மே 4. அதுவரைக்கும் ஒரு குண்டும் வெடிக்கவில்லை, ஹெப்ரோனில் ஒருவரும் சாகவில்லை, ராபின் உயிரோடு பிரதமராக இருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அன்று காலையில் இஸ்ரேல் ராணுவம் எந்தக் கோட்டுக்குப் பின்னால் போயிருக்க வேண்டும்? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் அந்தக் கோட்டை ஒப்பந்தத்திலிருந்து வாசித்துக் காட்டட்டும்.

நன்றி, வணக்கம்.