நாற்பதுக்கு மேல் எழுத்துக் கூட்டிப் படிப்பது

வணக்கம் நேயர்களே. நான் கோயம்புத்தூரில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை நடத்துகிறேன். எனக்கு டிஸ்லெக்ஸியா இருக்கிறது, அதாவது படிக்கவும் எழுதவும் திணற வைக்கிற ஒரு கற்றல் குறைபாடு. நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் அது எனக்கே தெரிந்தது. மகளைச் சோதித்துப் பார்க்க ஒரு சிறப்பாசிரியரிடம் கூட்டிப் போயிருந்தேன். அவர் அவளிடம் கேட்ட கேள்விகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் பதில் வரவில்லை. இது பரம்பரையாகத் தொடர்ந்து வரக்கூடிய விஷயம். பிள்ளையைக் காட்டப் போன இடத்தில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ தன்னைப் பற்றித் தெரியவருவது நிறைய வீடுகளில் நடக்கிறது.

அந்தக் கேள்வி என்ன தெரியுமா? நீங்களும் செய்து பாருங்கள், அடுப்படியில் நின்றுகொண்டே செய்யலாம். பட்டம். இதில் முதல் ஒலியை எடுத்துவிட்டு ‘ச’ போடுங்கள். சட்டம். சுலபம்தானே? சரி, இப்போது பால், மாடு என்று இரண்டு சொல். இரண்டின் முதல் ஒலியையும் ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்லுங்கள். மால், பாடு. உங்களில் பலர் நான் சொல்லி முடிப்பதற்குள் சொல்லியிருப்பீர்கள். எனக்கு அது நெற்றி வியர்க்கிற வேலை. இதில் பேப்பர் இல்லை, எழுத்து இல்லை, கண்ணுக்கு வேலையே இல்லை, கவனித்தீர்களா?

டிஸ்லெக்ஸியா என்றால் எழுத்து தலைகீழாகத் தெரியும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். எனக்கு எழுத்து நேராகத்தான் தெரிகிறது. சொல்லை ஒலிகளாகப் பிரிப்பதும், அந்த ஒலியைச் சட்டென்று எழுத்தோடு சேர்ப்பதும்தான் எங்களுக்கு மெதுவாக நடக்கிறது. பேச்சு மனிதனோடு கூடவே வந்தது. எழுத்து வந்து சுமார் 5000 வருஷம்தான் ஆகிறது, அதனால் ஒவ்வொரு மூளையும் வாசிப்பைப் புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது, சிலருக்கு அது சிரமப்பட்டுத்தான் வருகிறது. அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதை நான் இன்றைக்கு இன்னொரு தடவையும் சொல்வேன்.

எனக்கு மிகவும் பிடித்த ஒரு பையன் இருக்கிறான். பெயர் பெர்சி. 1896இல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற டாக்டர் இவனைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார். பையனுக்கு 14 வயது. கெட்டிக்காரன், விளையாட்டில் சுறுசுறுப்பு, கண் பார்வை சரியாக இருந்தது, வீட்டில் தனியாக ஆள் வைத்தும் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் சின்னச் சின்னச் சொற்களைக்கூட எழுத்துக் கூட்டித்தான் படிப்பான், தன் பெயரையே எழுத்துகளை இடம் மாற்றி எழுதினான். அதே பையனிடம் 749ஐ 867ஆல் பெருக்கச் சொன்னால் வேகமாக, சரியாகப் பெருக்கிவிட்டான். ஆறு லட்சத்து நாற்பத்தொன்பதாயிரத்து முந்நூற்று எண்பத்து மூன்று. அவனுடைய ஆசிரியர் என்ன சொன்னாராம் என்றால், பாடம் முழுவதையும் வாயாலேயே நடத்தினால் இந்தப் பள்ளியிலேயே இவன்தான் முதல் கெட்டிக்காரனாக இருப்பான் என்று. அந்த ஆசிரியரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். அது நடந்து நூற்றிருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, நாம் இன்னும் ஒருவனின் அறிவைத் தாளில்தான் தேடுகிறோம். என் தொழிலில் மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே பேரிங் போயிருக்கிறது என்று சொல்கிற பையன்களைப் பார்த்திருக்கிறேன், எழுத்துத் தேர்வில் நின்றுபோனவர்கள். அவர்களில் எத்தனை பேர் பெர்சியோ, யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

அப்புறம் பெரியவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது, தமிழில் தொடங்குங்கள். எல்லாருக்கும் அவசரம் ஆங்கிலத்தில்தான், மெயில் வருகிறது, கொட்டேஷன் கேட்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் ஆங்கிலத்தில் ஓ, யூ, ஜி, ஹெச் என்ற அதே நான்கு எழுத்து ‘தோ’வில் ஒரு மாதிரி, ‘டஃப்’பில் ஒரு மாதிரி, ‘த்ரூ’வில் இன்னொரு மாதிரி ஒலிக்கிறது. தமிழில் அந்தத் தொல்லை குறைவு. 2001இல் இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து மூன்று நாடுகளிலும் டிஸ்லெக்ஸியா உள்ள பெரியவர்களை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தது. மூளையில் தெரிந்த வேறுபாடு மூன்று நாட்டவருக்கும் ஒன்றுதான், ஆனால் இத்தாலிக்காரர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் படித்தார்கள். காரணம், இத்தாலிய மொழியில் எழுத்தும் ஒலியும் ஒழுங்காகப் பொருந்துகின்றன. தமிழும் அந்தப் பக்கம்தான் என்பது என் எண்ணம். தமிழிலும் சிரமம் உண்டு. ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் வந்துவிடும், காதில் அந்த எகரம் பின்னால்தான் விழும். ‘கொ’ என்றால் முன்னால் கொம்பு, பின்னால் கால். ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்று நான் இப்போதும் நின்று பார்த்துத்தான் எழுதுகிறேன். லகர ளகர ழகரம் எல்லாருக்கும் தடுமாறும், அதை மட்டும் வைத்து யாரும் பயப்பட வேண்டாம்.

பயிற்சி என்றால் எங்கள் ஆசிரியர் சொல்லித்தந்தது இதுதான்: ஒலியைப் பிரி, வாய்விட்டுச் சொல், சொல்லிக்கொண்டே எழுது, கொஞ்சமாகத் தினமும் செய். சின்ன வயதில்தான் வரும் என்பது சரியில்லை, பெரியவர்களுக்கும் பிழை குறைகிறது. வேகம் அவ்வளவாகக் கூடுவதில்லை, அதையும் தெரிந்துகொண்டே தொடங்குங்கள், இல்லையென்றால் மனசு விட்டுப்போகும். எழுத்துக்கு நடுவில் இடைவெளி அதிகம் விட்டு அச்சிட்டால் படிக்கச் சுலபமாகிறது என்று ஆய்வு இருக்கிறது. எனக்கும் அப்படித்தான், போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறேன். கலர் கண்ணாடி போட்டால் சரியாகும் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள், அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. போன் வாசித்துக் காட்டுவதைக் கேட்டுக்கொண்டே விரலை வரிமேல் ஓட்டுங்கள், அதுவும் படிப்புதான். காதால் படித்தாலும் படித்ததுதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்த உரையையே நான் போனில் பதிவுசெய்து, கேட்டுக் கேட்டுத்தான் தயார்செய்தேன்.

இன்னொன்று, இது மற்றவர்களுக்கு. பேங்கில் யாராவது கண்ணாடி மறந்துவிட்டேன், இந்த ஃபாரத்தைக் கொஞ்சம் நிரப்பித் தாருங்கள் என்று கேட்டால், கேள்வி கேட்காமல் நிரப்பித் தாருங்கள். அப்படிக் கேட்பதற்கு அவர் வெளியே எவ்வளவு நேரம் நின்றிருப்பார் என்று எனக்குத் தெரியும். கூட்டத்தில் யாரையும் திடீரென்று எழுப்பி இதைப் படி என்று சொல்லாதீர்கள். படிக்கத் திணறுகிறவரின் அறிவுக்குக் குறைவில்லை, இரண்டாவது தடவையும் சொல்லிவிட்டேன்.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சட்டத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் இந்தக் கற்றல் குறைபாடும் ஒன்று. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் இருந்தால் அரசு வேலை இடஒதுக்கீட்டுக்கும் விண்ணப்பிக்கலாம். வேலை செய்கிற இடத்தில் எழுத்தில் தருவதை வாயாலும் சொல்லுங்கள் என்று கேளுங்கள். சென்னைப் பக்கம் இருப்பவர்கள் பிள்ளைகளுக்காக மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷனை அணுகலாம். போகும்போது உங்களைப் பற்றியும் கேட்டுப் பாருங்கள். நன்றி, வணக்கம்.